"இது எங்க ஏறுச்சு?": மதுரையிலிருந்து நெடுந்தூர ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

சுங்குடிச் சேலை மூட்டையோடு வருஷத்துக்கு நாலைந்து முறை தில்லி போய் வருகிறவன் நான். மதுரை ஜங்ஷனில் ராத்திரி திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவு, இரண்டு பகல். சாப்பாட்டு வேளை என்று எண்ணினால் ஐந்து. முதல் தடவை போனபோது அந்த ஐந்தையும் "அதான் பேன்ட்ரி இருக்குல்ல" என்று வண்டியோடு வரும் அந்தச் சமையல் பெட்டியின் தலையில் கட்டிவிட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஏறினேன். மூன்றாவது வேளையிலேயே பிஸ்கட்டுக்கு இறங்கி வந்துவிட்டேன்.

எதிர் பெர்த்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் ஒவ்வொரு வெண்டரையும் நிறுத்தி "என்ன இருக்கு?" என்று விசாரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்: "என்ன இருக்குன்னு கேக்காதீங்க தம்பி. எங்க ஏறுச்சுன்னு கேளுங்க."

ரயில் சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்ததுதான். பொட்டலத்துக்குள் சாம்பார் சாதமா பிரியாணியா என்பது அப்புறம். அது எந்த ஊரில், எத்தனை மணிக்கு வண்டிக்குள் வந்தது என்பதுதான் உங்கள் வயிற்றின் பிரச்சினை.

முதலில் வண்டி எது என்று பாருங்கள்

மதுரையிலிருந்து கிளம்பும் எல்லா வண்டிக்கும் ஒரே ஏற்பாடு கிடையாது.

பாண்டியன் மாதிரி ராத்திரி வண்டிகளுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், காலையில் சென்னையில் காபி குடியுங்கள். வைகையில் போகிறவர்கள் கையில் இட்லிப் பொட்டலம் வைத்துக்கொண்டால் போதும்.

பெங்களூரு வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடுகிறது, அதிகாலையில் கிளம்பும் வண்டி. மதியம் மூன்று மணிவாக்கில் மதுரையை விட்டுக் கிளம்பும் சென்னை தேஜஸும் இதே சாதிதான். இவற்றில் டிக்கெட் போடும்போதே சாப்பாடு வேண்டுமா, வேண்டாமா, சைவமா, அசைவமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் அந்தக் காசு டிக்கெட்டில் குறையும். ஆனால் வேண்டாம் என்று போட்டுவிட்டு வண்டியில் பசித்துக் கேட்டால், இருந்தால் தருவார்கள், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 50 ரூபாய் கூடுதலாக. ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுப்பவர்கள் இந்தக் கட்டத்தில் என்ன போட்டார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய பேருக்கு அது வண்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. என்னைக் கேட்டால் காலை வண்டிக்குச் சாப்பாடு போட்டுக்கொள்வது நல்லது. அஞ்சு மணிக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியும்?

மூன்றாவது ரகம்தான் நம் விஷயம். தில்லி, ஹவுரா, மும்பை, பிகானேர் என்று ஒரு நாளைத் தாண்டி ஓடும் வண்டிகள். இவற்றில் டிக்கெட்டில் சாப்பாடு கிடையாது. பேன்ட்ரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை டிக்கெட் போடும் முன்பே வண்டி விவரத்தில் பாருங்கள்.

வேளைக் கணக்கு போடுங்கள்

ஒரு துண்டுத்தாளை எடுத்து வேளைகளை எழுதுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் வண்டி அப்போது எந்த ஊர்ப் பக்கம் இருக்கும் என்று அட்டவணையைப் பார்த்துக் குறியுங்கள். என் தில்லிக் கணக்கு இப்படி: முதல் பகலின் காலையும் மதியமும் வீட்டுச் சாப்பாடு. அன்று ராத்திரி, ஸ்டேஷனுக்கு வரவழைப்பது. இரண்டாம் பகல் காலை, பேன்ட்ரியில் பிரெட் ஆம்லெட்டோ அப்போது போட்ட வடையோ. மதியம், பழமும் தயிரும், அல்லது திரும்ப ஸ்டேஷன் சாப்பாடு. பேன்ட்ரியின் முழுச் சாப்பாட்டை நம்பி ஒரு வேளையும் இல்லை. அது கையிருப்பு மட்டும்.

வண்டி நாலு மணி நேரம் லேட்டானால் இந்தக் கணக்கு புரண்டுவிடும். அதற்காக ஒரு டப்பா அவல் மிக்சர், நாலு கடலை மிட்டாய், முடிந்தால் வறுத்த வேர்க்கடலை. இவற்றைத் தொடவே தொடாமல் தில்லி போய்ச் சேர்ந்தால் நல்ல பயணம் என்று அர்த்தம்.

கட்டுச்சோறு

இங்கேதான் எங்கள் மதினி வருகிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரயிலுக்குச் சோறு கட்டிக் கட்டியே கை தேர்ந்தவர். அவர் கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

புளியோதரைக்குச் சோற்றை உதிரியாக, கொஞ்சம் விரைப்பாகவே வடிப்பார். வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி, ஃபேனுக்குக் கீழே வைத்துவிடுவார். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு முழுக்கப் போன பிறகுதான் புளிக்காய்ச்சல் சேரும். நான் அவசரப்பட்டால், "தம்பி, சூட்டோட கட்டினா உள்ளயே வேர்த்துரும். வேர்த்த சோறு விடியிறதுக்குள்ள ஊசிரும்" என்பார். விஷயம் அதுதான். வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் பெருகும். புளியின் புளிப்பும் எண்ணெயும் ஈரக்குறைவும் சேர்ந்து அதற்கு இடம் கொடுப்பதில்லை. புளிக்காய்ச்சலைத் தளரவிட்டால் அந்தக் காவல் போய்விடும். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை கொதிக்கவிடுங்கள்.

வாழையிலையை அடுப்பு நெருப்பில் காட்டி வாட்டி, ஈரம் துடைத்து, உள்பக்கம் எண்ணெய் தடவி, சோற்றை அழுத்தாமல் வைத்து மடிப்பார். வெளியே செய்தித்தாள். ஆளுக்கு ஒரு பொட்டலம், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். பெரிய டப்பாவில் மொத்தமாக வைத்துக் கை போட்டு எடுத்தால் மிச்சமும் கெட்டுப்போகும்.

இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி அடுக்குங்கள். மறுநாள் காலைக்கு அருமையாக ஊறியிருக்கும். தேங்காய்ச் சட்னி எடுத்துப் போகவே கூடாது. தேங்காய் சாதம், உருளைக்கிழங்கு மசால், வெங்காயம் வதக்கிப் போட்ட எதுவும் முதல் வேளையோடு தீர்ந்துவிட வேண்டும். தயிர் சாதம் என்றால் சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சின பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் இதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியத்துக்கு வைக்க வேண்டாம். முட்டை கொண்டுபோனால் அவித்து ஓட்டோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் கட்டித் தர ஆளில்லாத, ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஸ்டேஷனுக்கு எதிரே மேல வெளி வீதியைத் தாண்டினால் டவுன்ஹால் ரோடும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும். ராத்திரி வெகுநேரம்வரை இட்லி கிடைக்கும். பொடி இட்லியாகக் கேட்டு, சட்னி சாம்பார் வேண்டாம் என்று சொல்லிக் கட்டுங்கள். பரோட்டா சால்னா பார்சலோடு ஏறுகிற ஆட்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். சால்னாப் பை ஒழுகாமல் வந்ததாகச் சரித்திரம் இல்லை. விடிந்தபின் அந்தப் பரோட்டாவைப் பிய்க்க இரண்டு பேர் வேண்டும். ஜிகர்தண்டாவை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் கதை வேண்டாம்.

வண்டிக்குள் அடுப்பு கூடாது

2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரை ஜங்ஷன் யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது ஊருக்கே தெரியும். லக்னோவிலிருந்து வந்தவர்கள், கூடவே கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். ஒன்பது உயிர். ரயில்வே சட்டத்தின் 164வது பிரிவுப்படி எரியக்கூடிய பொருளை வண்டியில் எடுத்துப் போனால் மூன்றாண்டு வரை சிறை. கோயில் யாத்திரைக் கூட்டத்தோடு போகிறவர்கள், குழுவில் யாராவது சின்ன சிலிண்டர் கொண்டுவருகிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எலெக்ட்ரிக் கெட்டிலும் தடைதான். பெட்டியில் இருக்கும் பிளக் பாயிண்ட் போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும். குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டுமென்றால் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போங்கள். குழந்தைக்கு என்று சொன்னால் இதுவரை எந்தப் பேன்ட்ரியிலும் எனக்கு மறுத்ததில்லை.

பேன்ட்ரிச் சாப்பாடு வாங்குவது எப்படி

2017இல் வந்த கேட்டரிங் கொள்கையில் சமைப்பதையும் பரிமாறுவதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். பெரிய சாப்பாடு ஏதோ ஒரு ஊரின் பேஸ் கிச்சனில், அதாவது ரயிலுக்கென்று சமைக்கும் கூடத்தில், தயாராகி வண்டியில் ஏறும், பேன்ட்ரி சுடவைத்துக் கொண்டுவந்து தரும். டீ, ஆம்லெட், கட்லெட், வடை போன்றவை வண்டியிலேயே போடுவதுண்டு. ஆகவே ஆர்டர் எடுக்க வருகிற தம்பியிடம் நம் கேள்வியைக் கேளுங்கள்: "இது எங்க ஏறுது? எத்தனை மணிக்கு?" சென்னை தாண்டினால் தமிழ் வேலைக்கு ஆகாது. "யே கானா கஹாங் சடா?" என்று கேளுங்கள். இந்தி எனக்கு இதைத் தவிர அதிகம் வராது. இது போதுமாக இருக்கிறது. இன்னும் வரப்போகிற ஊரின் பேரைச் சொன்னால் வாங்கலாம். நாலு மணி நேரத்துக்கு முன்னால் தாண்டிய ஊரைச் சொன்னால் வேண்டாம். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. பொட்டலம் உள்ளங்கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் நல்லது. வெதுவெதுப்புதான் ஆபத்து.

கைக்கு வந்ததும் உடனே பிரிக்காதீர்கள். மூடியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் தயாரித்த நேரம் இருக்கிறதா பாருங்கள். கியூஆர் கோடு இருந்தால் போனில் காட்டுங்கள், எந்தச் சமையலறை, எப்போது கட்டியது என்று வரும். பிறகு மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஆவியாக இருந்தால் சரி. ஆவி குளிர்ந்து கொட்டை கொட்டையாக நீர் சேர்ந்து, சோற்றில் சொட்டி, அந்த இடம் மட்டும் நசநசவென்று இருந்தால் அது வெகுநேரமாக மூடிக்கிடந்த சாப்பாடு. பருப்பை மோந்து பாருங்கள். முதலில் புளிப்பது பருப்புதான். காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

அளவைப் பற்றி ஏமாற வேண்டாம். சைவச் சாப்பாடு என்றால் சோறு 150 கிராம், பருப்போ சாம்பாரோ 150, தயிர் 80, நாலு சப்பாத்தி அல்லது இரண்டு பரோட்டா 100, காய் 100, ஊறுகாய் 12. மதுரைக்காரனுக்கு 150 கிராம் சோறு சாம்பாருக்கே காணாது, ரசத்துக்கும் மோருக்கும் எங்கே போவது? நல்ல பசிக்காரர் என்றால் கூடவே இரண்டு பழம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் விலை, வரியெல்லாம் சேர்த்து: காலை உணவு சைவம் 40, முட்டையோடு 50. சாப்பாடு சைவம் 80, முட்டைக் குழம்போடு 90, சிக்கன் குழம்போடு 130. முட்டை பிரியாணி 90, சிக்கன் பிரியாணி 110. பிளாட்பாரத்தில் என்றால் சாப்பாடு பத்து ரூபாய் குறைவு. டீ பேக் போட்ட டீ 10. இதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போனில் வைத்தால் அந்த நேரத்துக்குச் சார்ஜ் இருக்காது.

முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு. பல பெரிய ஸ்டேஷன்களில் பொதுப் பெட்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 20 ரூபாய்க்கு ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாயும் விற்கிறார்கள். விற்று வேகமாகத் தீருவதால் புதிதாகவே இருக்கும். ரிசர்வ் பெட்டிக்காரர்களும் நடந்துபோய் வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டேஷனுக்கு வரவழைப்பது

ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங் தளத்திலோ 'ஃபுட் ஆன் டிராக்' செயலியிலோ டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண்ணைப் போட்டால் வழியிலிருக்கும் ஸ்டேஷன்களும் அங்கே உள்ள ஓட்டல்களும் வரும். 1323க்கு போன் செய்தும் சொல்லலாம். காசை முன்கூட்டியே கட்டலாம், கையில் வாங்கும்போதும் கொடுக்கலாம். நம் கேள்விக்கு இதில் பதில் சுலபம்: அந்த ஊரிலேயே சமைத்து, அந்த ஊரிலேயே ஏறுகிறது.

சில நுணுக்கம் மட்டும். வண்டி ஐந்து நிமிஷமாவது நிற்கும் ஸ்டேஷனைப் பிடியுங்கள். இரண்டு நிமிஷ நிறுத்தத்தில் அந்தப் பையன் உங்கள் பெட்டியைத் தேடி ஓடுவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் ஊரில் சொல்லாதீர்கள், வண்டி ஒரு மணி நேரம் லேட்டானால் கடையையே மூடிவிடுவார்கள். ஓட்டலில் இருந்து போன் வரும். வாரங்கல் தாண்டிப் பல்லார்ஷா போகும் வழியில் காட்டுக்குள் சிக்னல் போய்ப் போய் வரும். அதனால் எந்தப் பெட்டி, எந்த பெர்த் என்பதை ஆர்டரிலேயே சரியாகப் போட்டுவிடுங்கள். ஆந்திராவில் சோற்றுச் சாப்பாடு சொல்லுங்கள், நாக்பூர் தாண்டிவிட்டால் சப்பாத்தி, பராத்தா சொல்லுங்கள். அந்தந்த ஊர் தினமும் செய்வதைச் சாப்பிடுவதே புத்திசாலித்தனம். ஆக்ரா பக்கம் போய் சாம்பார் சாதம் கேட்டால் எதையோ சாம்பார் என்று கொடுப்பார்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

கூகுளில் தேடினால் இதே பெயர் மாதிரி வேறு தளங்களும் வரும். யாராவது வாட்ஸப்பில் கியூஆர் அனுப்பிக் காசு போடச் சொன்னால் போடாதீர்கள்.

தண்ணீர்

ரயில்வேயின் பாட்டில் தண்ணீரான 'ரயில் நீர்' ஒரு லிட்டர் 14 ரூபாய், அரை லிட்டர் 9. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விலை. இருபது கொடுத்துவிட்டுச் சில்லறைக்காக நிற்கத் தயங்காதீர்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோனால் சென்னை தாண்டும்வரை கவலையில்லை.

கெட்டுப்போனதைக் கொடுத்தால்

ஒரு பயணத்தில், எந்த வண்டி என்பது வேண்டாம், 80 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 120 கேட்டார்கள்.

"பில் குடுங்க தம்பி."

"மிஷின் சார்ஜ் இல்ல சார்."

"அப்ப சார்ஜ் ஏறட்டும். அதுவரைக்கும் சாப்பாடு இங்கயே இருக்கட்டும், காசு என்கிட்டயே இருக்கட்டும்."

பில் இல்லையென்றால் காசு தர வேண்டியதில்லை என்பது ரயில்வே அறிவித்த விதி. பெட்டிகளில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிஷத்தில் மிஷினும் வந்தது, பில்லும் வந்தது, பில்லில் 80தான் இருந்தது. பிரித்தால் பருப்பு புளித்திருந்தது. அதே பில்லைப் படம் எடுத்து, பருப்பையும் படம் எடுத்து, ரயில்வே உதவி எண் 139க்கு அடித்தேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. அடுத்த பெரிய ஸ்டேஷனுக்கு முன்பே மேலாளர் ஒருவர் வந்து பொட்டலத்தை மாற்றிக் கொடுத்தார். "புகாரை முடிச்சுக்கலாமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசையும் இதுதான்: பில், படம், 139 அல்லது ரயில்வேயின் புகார்ச் செயலியான 'ரயில் மதத்' (Rail Madad). பிஎன்ஆர், பெட்டி எண், எந்த ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பில் இல்லாமல் போன் செய்தால் "எங்க ஆளுகிட்ட வாங்குனதுக்கு என்ன ஆதாரம்?" என்பதில் பேச்சு முடிந்துவிடும். பரிமாறுகிற பையனிடம் கத்த வேண்டாம். அவன் சமைக்கவில்லை. விலை நிர்ணயித்ததும் அவனில்லை. அடையாள அட்டையும் யூனிஃபார்மும் இல்லாமல் ஏறி விற்பவரிடம் வாங்கியிருந்தால் புகார் சொல்ல ஆளே கிடையாது. வழியில் வெட்டிய பழம் விற்பவர்கள் பெரும்பாலும் அந்த ரகம். முழுப் பழமாக வாங்குங்கள்.

சர்க்கரைக்காரர்கள், மாத்திரைக்காரர்கள் ஒன்று கவனியுங்கள். பேன்ட்ரிச் சாப்பாடு வருகிற நேரம் உங்கள் மாத்திரை நேரம் அல்ல. சாப்பாடு கையில் வந்த பிறகே மாத்திரையைப் போடுங்கள். "வருது சார்" என்பதை நம்பிப் போட்டுவிட்டு மயங்கியவரைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். தில்லியில் ஆலு பராத்தாவும் ஊறுகாயும் கட்டிக்கொண்டால் ஒரு பகல் தாங்கும், அதற்குமேல் அந்த உருளைக்கிழங்கை நம்ப முடியாது. திருச்சி தாண்டி மணப்பாறை முறுக்கு கிடைத்தால் வீட்டுக்கு இரண்டு பாக்கெட் வாங்குங்கள். கொடைரோடு வந்துவிட்டால் எதையும் வாங்காதீர்கள். அங்கேயிருந்து போன் போட்டால் வீட்டில் சோற்றுக்கு உலை வைப்பார்கள்.